ஓசை சாகும் இடம்

தொழிலில் அவரைப் பேஸ்காரர் என்பார்கள். பேஸ் பெட்டி, அதாவது தடித்த அடி ஓசை தரும் ஒலிபெருக்கிப் பெட்டி, தூக்குகிறவர் என்ற பொருளில் வந்த பெயர். பிறகு, அந்தப் பெட்டியை எங்கே வைத்தால் சரியாகக் கேட்கும் என்று தெரிந்தவர் என்பதாக அர்த்தம் மாறியது. அர்த்தம் மாறுவதற்குள் இடுப்பு போய்விட்டது.

பேஸ் பெட்டி உயரத்தில் இடுப்பளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் காந்தம்தான் ஆளைக் கொல்லும். இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. அதை அங்கே வைத்தவன் ஒருநாளாவது அதைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டான் என்று அவர் சொல்வார். மீசை அரும்பிய வயதில் ஓர் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் சேர்ந்தார். முதலாளிக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணை இவருக்குக் கொடுத்தார். கடையைப் பையனுக்குக் கொடுத்தார்.

"ரெண்டுல கனமானது எனக்கு வந்துச்சு" என்று வீட்டில் சொல்வார்.

"தூக்கத் தெரியாதவனுக்கு எல்லாமே கனம்தான்" என்பாள் மனைவி.

தூக்கத் தெரியாமலா அத்தனை வருஷம் ஓட்டினார்? மேடை போடுகிறவர்களுக்கு முன்னால் வந்து, மேடை பிரிக்கிறவர்கள் போன பிறகு போகிற வேலை அது. மழை வந்தால் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு ஓடுவார்கள். ஒலிபெருக்கிக் கடை ஆட்கள் பெட்டிகளை மூட ஓடுவார்கள். வேனில் பெட்டிகளை அடுக்கியபின் மிச்சமிருக்கும் சந்தில் ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். பெட்டிக்கு அடிபடக் கூடாது என்று முழங்காலை நடுவில் கொடுத்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு.

பிறகு ஒரு மண்டபம் கிடைத்தது. கூட்டங்கள், பயிற்சி வகுப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடும் மண்டபம். அங்கே பெட்டிகளை நிரந்தரமாகப் பொருத்தியிருந்தார்கள். மேல் பெட்டிகள் கூரையிலிருந்து தொங்கின. பேஸ் பெட்டிகள் மேடைக்கு அடியில் திருகு போட்டு நின்றன. தூக்க ஒன்றுமில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஆம்ப்ளிஃபயர்கள், குமிழ்கள், ஒரு நாற்காலி. பேச்சு முடிந்து பாட்டு வந்தால் பேஸைக் கூட்ட வேண்டும். பாட்டு முடிந்து பேச்சு வந்தால் குறைக்க வேண்டும். எது சூடானாலும் மின்விசிறியைத் திருப்பி வைக்க வேண்டும். எல்லாம் பழைய சாமான்கள். தூசி ஏறினால் குமிழ் கரகரக்கும். அதற்காகவே ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அந்த நாற்காலிதான். அதில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் மச்சினனின் வேன் பக்கம் போகவில்லை.

ஒருநாள் காலை மண்டபத்து மேனேஜர் அந்த அறை வாசலில் வந்து நின்றார். வயதில் சின்னவர். நல்ல விஷயம் என்றால் உள்ளே வந்து சொல்லுவார். மற்றதை வாசலில் நின்று சொல்லுவார்.

"அண்ணே, இந்தப் பழசையெல்லாம் கழட்டிடலாம்னு முதலாளி சொல்லிட்டார். புதுசா ஒரு கண்ட்ரோலர் வருது. ஒருதடவை செட் பண்ணிப் பூட்டிட்டா போதுமாம். சுவத்துல ரெண்டு பட்டன். ஒண்ணு பேச்சு, இன்னொண்ணு பாட்டு. வாட்ச்மேன்கூட அமுக்கிக்கலாம்."

"அப்ப நான் எதை அமுக்கறது?"

மேனேஜர் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்.

"செட் பண்றது யாரு தம்பி?"

"உங்களை விட்டா யாருண்ணே இருக்கா?"

வீட்டில் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை.

"ஆக, உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு திரிக்கணும்."

"திரிக்கலேன்னா வேற ஆள் திரிப்பான்."

"என் தம்பி பேசினான். மாமா வந்து சும்மா நின்னா போதும், பசங்க தூக்கிக்குவாங்கன்னான்."

"உன் தம்பி கடையில சும்மா நிக்கறதுன்னா பெட்டிக்கு அடியில நிக்கறது."

"அதான் எனக்கும் பயம்" என்றாள் அவள். "இன்னொருதடவை பெட்டியைத் தூக்கினீங்க, அப்புறம் உங்களை நாலு பேர் தூக்க வேண்டியதுதான்."

மண்டபம் இருக்கிற வரைக்கும் முதுகு இருக்கும். மண்டபம் போனால் வேன்தான்.

கண்ட்ரோலர் வந்தது. தட்டையான ஓர் இரும்புப் பெட்டி, சின்னத் திரை, சில பொத்தான்கள். வருகிற ஓசையை அது இரண்டாகப் பிரிக்கும். தடித்த ஓசை கீழே பேஸுக்குப் போகும், மற்றது மேலே போகும். யாராவது அளவுக்கு மீறி முடுக்கினால் சிவப்பு விளக்கைப் போட்டு, பெட்டி கருகிவிடாமல் பிடித்துக்கொள்ளும். இத்தனை நாள் அவர் செய்துகொண்டிருந்ததைப் பெரும்பாலும் அதுவே செய்தது. சலிப்பில்லாமலும் செய்தது.

அதற்குத் தானாகத் தெரியாதது ஒன்று உண்டு. மேலே தொங்கும் பெட்டியும் கீழே நிற்கும் பெட்டியும் கேட்கிற ஆளுக்கு ஒரே தொலைவில் இல்லை. ஒன்றின் ஓசை முந்தும், இன்னொன்று பிந்தும். இரண்டும் சேர்ந்து வர வேண்டுமானால் முந்துவதைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை ஓர் ஆள் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அவர் வழக்கமாகச் செய்வது ஒன்று இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, இதுதான் உச்சமா, இன்னும் கொஞ்சம் கூடுமா என்று காதுக்குத் தெரியாது. ஆனால் ஓசை செத்துப்போனால் எந்தக் காதுக்கும் தெரியும். அதனால் முதலில் பேஸைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார். அதற்கு ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். இப்போது மேல் பெட்டி தள்ளும்போது கீழ்ப் பெட்டி இழுக்கும். இரண்டு பெட்டியிலும் வருகிற சீரான ஒரு முழக்கத்தைப் போட்டுவிட்டு, தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று முழுதாகத் தின்றுவிடும். மண்டபம் ஊமையாகும். அங்கே நிறுத்திவிட்டு, பொத்தானை மறுபடி அமுக்கிப் பேஸை நேராக்க வேண்டும். முழுதாகச் சண்டை போட்ட இரண்டும் முழுதாகச் சேர்ந்துகொள்ளும்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்று பலருக்கு இதை விளக்கியிருக்கிறார். மனைவிக்கு மட்டும் விளக்கியதில்லை.

அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே மண்டபத்தின் நடுவிலும் நிற்க முடியாது. பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட அந்த அக்கா ஒருத்திதான் பாக்கி.

"நடுவுல நில்லுங்க அக்கா. ஒரு சத்தம் போடுவேன். அது அடங்கற நேரம் பார்த்துத் தொடப்பத்தைத் தூக்குங்க."

"என்ன சத்தம்?"

"ம்ம்ம்னு ஒரே மாதிரி வரும்."

"எங்க வீட்டுக்காரர் குறட்டை மாதிரி. அது அடங்கி நான் பார்த்ததே இல்லையே தம்பி."

முழக்கம் எழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் லேசாக நடுங்கின. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர் திரையில் எண்ணைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். அறைக் கதவு வழியே தெரிந்த துடைப்பம் சட்டென்று மேலே போனது.

"செத்துடுச்சு! சுத்தமா செத்துடுச்சு தம்பி!"

ஒரு எண் முன்னால் போனார், முழக்கம் திரும்பியது. ஒரு எண் பின்னால் வந்தார், அடங்கியது. அதற்கு மேல் துல்லியமாக வைக்க முடியாது. நல்ல வேலை. இவ்வளவு நல்ல வேலையைச் செய்து அவருக்கே நாளாகியிருந்தது. முழக்கத்தை நிறுத்தினார். முதுகைப் பின்னால் சாய்த்தார்.

அப்போது மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பயிற்சி வகுப்புக்கு ஆளுங்க வந்துட்டாங்க. முடிஞ்சுதா?"

வாசலில் பை மாட்டிய ஆட்கள் நின்றிருந்தார்கள். வழக்கமாக எல்லாம் முடிந்ததும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நடந்து பார்ப்பார். கொஞ்ச நேரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. அந்தப் பாட்டோடு தன் வேலை முடிந்துவிடும் என்று இருந்ததோ, இல்லை இடுப்பு வலியோ.

"முடிஞ்சுது" என்றார். பூட்டினார். பூட்டைத் திறக்கும் எண்ணை மேனேஜரிடம் வாய்விட்டுச் சொன்னார். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல நினைத்து, "வாங்கண்ணே அப்பப்ப" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்.

மண்டபத்தில் வரிசையாகப் பேச்சுகளாகவே நடந்தன. பேச்சுக்குப் பேஸ் தேவையில்லை, சுவரில் பேச்சுப் பொத்தானை அமுக்கினால் கீழ்ப் பெட்டிகள் தூங்கிவிடும். ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. அவர் மச்சினனின் வேனில் ஏறியிருந்தார். மச்சினன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒரு பெட்டியையும் அவரைத் தொட விடவில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றி எல்லோரும் தூக்கும்போது சும்மா நிற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது அவருக்கு இல்லை. இரண்டாம் தடவை போனபோது பலகையில் இறங்கிக்கொண்டிருந்த பேஸ் பெட்டி சறுக்கியது. அவர் யோசிக்கவில்லை, உடம்பு தானாகப் போய்த் தாங்கியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தபோதுதான் மேனேஜரின் போன் வந்தது.

"அண்ணே, பேசினா நல்லாத்தான் இருக்கு. பாட்டுப் போட்டா பொக்குனு இருக்கு. டான்ஸ் டீச்சர் பேஸே இல்லைனு கத்தறாங்க. கூட்டி வச்சேன். சிவப்பு லைட்டு எரியுது, உறுமுது, ஆனா அடி விழ மாட்டேங்குது. சாயங்காலம் ப்ரோக்ராம். ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க."

மனைவி இடுப்பில் பட்டையைக் கட்டிவிட்டாள். ஆட்டோவில் போனார். மண்டபத்து வாசலில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் மேடையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு தகரக் கொட்டகையில் நடப்பதுபோல இருந்தது. தரைக்கு அடியில் ஏதோ உருண்டது. ஆனால் நெஞ்சில் ஒன்றும் வந்து விழவில்லை.

அவர் அறைக்குள் போனார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

பூட்டைத் திறந்து, கூட்டி வைத்ததைக் குறைத்து, பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. வெளியே பாட்டு தரையில் கால் ஊன்றி நின்றது. டான்ஸ் டீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "வந்துடுச்சு! இதுதான், இதுதான்!" என்று கத்துவது கேட்டது.

மேனேஜர் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"ஒரே ஒரு பட்டனா அண்ணே?"

"பேஸ் தலைகீழா இருந்துச்சு தம்பி. திருப்பிட்டேன்."

"தலைகீழா யாரு போட்டது?"

"நான்தான்." அவர் விளக்கினார். மறைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. சண்டை போட விடுவது, ஊமையாகும் இடத்தைப் பிடிப்பது, திரும்ப நேராக்குவது, எல்லாவற்றையும் சொன்னார்.

மேனேஜர் நிதானமாகக் கேட்டார். "அப்ப, சத்தம் சாகற இடத்தைக் கரெக்டா கண்டுபிடிச்சு..."

"ஆமா."

"அங்க கொண்டுபோய் நிறுத்தி..."

"ஆமா."

"அப்படியே பூட்டிட்டுப் போயிட்டீங்க."

"திருப்ப மறந்துட்டேன்."

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது. "அண்ணே, நீங்க சாதாரண ஆளில்லைண்ணே."

"இல்ல தம்பி. நிஜமா மறந்துட்டேன்."

"சரி சரி, மறந்துட்டீங்க." ஒரு கண்ணை மூடித் திறந்தார். "எனக்குக் கோபமெல்லாம் இல்லை. உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். இவ்வளவு கச்சிதமா செஞ்சிருக்க மாட்டேன், அவ்வளவுதான். முதலாளிகிட்ட மத்தியானமே சொல்லிட்டேன், மெஷின் மட்டும் போதாது, கை தெரிஞ்ச ஆள் வேணும்னு. நாளையிலேருந்து வந்துடுங்க."

நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். இடுப்புதான் வலித்தது. மூன்றாவது முறையாக, "தம்பி, சத்தியமா..." என்று தொடங்கினார். மேனேஜர் உதட்டில் விரலை வைத்துக்காட்டிவிட்டுப் போனார்.

நடைவழியில் பெருக்குகிற அக்கா மறித்துக்கொண்டாள். செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது.

"பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கீங்க! என்னையும் தொடப்பத்தோட நிக்க வச்சு கூட்டுக் களவாணி ஆக்கிட்டீங்களே தம்பி!"

"அக்கா, நீங்களாவது நம்புங்க. மறந்துட்டேன்."

"நானும் மறந்துட்டேன். யாராவது கேட்டா அன்னிக்கு நான் இந்தப் பக்கமே வரலை" என்றாள், சந்தோஷமாக.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மேனேஜர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்காட்டவில்லை.

"மறந்துதான் இருப்பீங்க" என்றாள்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"போன மாசம் என் தம்பி வீட்டுக்குப் போனோமே. கிளம்பும்போது என்னை அங்கேயே விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க."

"தெருமுனையிலேயே ஞாபகம் வந்துடுச்சே."

"எந்தத் தெருமுனை? நம்ம வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, சாவி எங்க வச்சேன்னு எனக்குத்தான் போன் பண்ணீங்க. நான் சிரிச்சு மழுப்பினேன். என் தம்பி பொண்டாட்டி சிரிக்கலை."

அவர் கூரையைப் பார்த்தார். இதை அவர் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தார். தெருமுனை, திரும்பிய வண்டி, அவள் வாசலில் நின்று திட்டியது, எல்லாம் கண்ணில் தெளிவாக நின்றன.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட மறுபடி சொல்லிப் பார்க்கறேன். களவாணிங்கற பேரோட எப்படி அங்க உட்கார்றது?"

"சொல்லாதீங்க."

"ஏன்?"

"திருட்டுப்பய புத்திசாலின்னு நினைச்சா பயந்துக்கிட்டாவது வேலை குடுப்பான். மறதி வந்துடுச்சுன்னு தெரிஞ்சா யாரு குடுப்பா?" அவள் விளக்கை அணைக்க எழுந்தாள். "கொஞ்ச நாளைக்குக் களவாணியாவே இருங்க. ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

அவர் களவாணியாகவே போனார். செய்வதற்கு வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாட்ச்மேன் சுவர்ப் பொத்தானை அமுக்கினார், மற்றதைக் கண்ட்ரோலர் பார்த்துக்கொண்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அது வேலை செய்வதைப் பார்த்தார். அடிக்கடி எழுந்து மஞ்சள் விளக்கு அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அணைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பார்த்தது இன்றா நேற்றா என்று சந்தேகம் வரும், மறுபடி குனிவார். அந்தப் பக்கம் போகிறவர்கள், மனுஷன் அடுத்த வேலைக்கு அடி போடுகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மச்சினன் மண்டபத்துக்கே வந்துவிட்டான். வாடகைக்குப் பெட்டி இறக்க அடுத்த தெருவுக்கு வந்தானாம். ஸ்டூலை இழுத்துப்போட்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ட்ரோலரை ஒருதரம், மாமாவை ஒருதரம் பார்த்தான்.

"ஊரே பேசுது மாமா. நானும் இந்தத் தொழில்லதான் இருக்கேன், எனக்கு இப்படித் தோணவே இல்லையே. முன்னாடியே திட்டம் போட்டீங்களா, இல்லை அந்த நேரத்துல வந்த யோசனையா?"

அவர் வாயைத் திறந்தார். மச்சினனின் முகத்தில் இருந்தது மரியாதை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது போலத் தோன்றியது. அவன் பெண்டாட்டி மறதியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்த்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறானோ என்னவோ.

"வேலையைக் கத்துக்கிட்டா மட்டும் போதுமா மாப்ள?" என்றார். "பிழைக்கவும் தெரியணும்."

மச்சினன் தொடையில் தட்டிச் சிரித்தான். "எமகாதகன் மாமா நீங்க! அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ போட்ட திட்டம்தான் பாதி."

அதைச் சொல்லத் தயங்கவே இல்லை. நாக்கு தானாகப் புரண்டது. மச்சினன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, இன்னும் சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் போனான்.

"மாப்ள, இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சேச்சே, நான் எதுக்கு மாமா சொல்றேன்?"

தெருவில் இறங்குவதற்குள் போனை எடுத்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். எடுக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தார்.